பைதான் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கருப்புத் திரையில் ஒரு வரி அடிக்கிறீர்கள். பதிலுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி வசவு வந்து விழுகிறது. அந்த நான்கு வரியை யாரும் படிப்பதில்லை. சாளரத்தை மூடு, பைதானை நீக்கு, மறுபடி நிறுவு என்று இறங்கிவிடுகிறார்கள். சேலத்துச் சேகோ ஆலைகளிலும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகங்களிலும் எக்செல் கணக்கை ஒரு சிறு பைதான் நிரலுக்கு மாற்றிக்கொண்டவர்களோடு உட்கார்ந்து பார்த்தவரையில், மறுநிறுவலால் தீர்ந்த பிழை மிகக் குறைவு. நிரல் கெட்டிருப்பதும் அபூர்வமே. பெரும்பாலும் நாம் ஒருவரிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கருப்புத் திரையில் பதில் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். முதலாவது ஷெல், நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி உரிய நிரலை இயக்குவது, அதாவது விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் அல்லது பவர்ஷெல், லினக்ஸில் பாஷ். இரண்டாவது பைதான் இன்டர்பிரட்டர், அதாவது பைதான் மொழியில் எழுதியதைப் படித்து இயக்குவது. மூன்றாவது நீங்கள் எழுதிய நிரல். பிழைச் செய்தி வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இது யார் குரல் என்பதுதான். வரியின் தொடக்கத்தில் 'சி:\கணக்கு>' போலக் கோப்புறைப் பெயரும் ஒற்றை அம்புக்குறியும் இருந்தால் எதிரில் இருப்பது ஷெல். மூன்று அம்புக்குறிகள் (>>>) இருந்தால் இன்டர்பிரட்டர். 'டிரேஸ்பேக்' என்று தொடங்கும் நீண்ட செய்தி என்றால், நிரல் ஓடத் தொடங்கிய பிறகு இடறியிருக்கிறது. அந்தச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும். அதற்கு மேல் உள்ள வரிகள் நிரல் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன.

கட்டளைகளையும் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். நான் வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிற்றெழுத்துதான். படிகள் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை. லினக்ஸ் வேறுபடும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

பைதான் என்று அடித்தால் கடை திறக்கிறது

பேசுவது ஷெல். 'பைதான்' என்று அடித்து என்டர் தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. அல்லது 'பைதான் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி வருகிறது. விண்டோஸ் 10-இன் 2019 மேம்படுத்தலிலிருந்து, பைதான் நிறுவப்படாத கணினியிலும் அந்தப் பெயரில் ஒரு போலி வாசல் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வேலை உங்களைக் கடைக்குக் கூட்டிப்போவது மட்டுமே. உண்மையான பைதானை நிறுவிய பிறகும் சில கணினிகளில் இந்த வாசல் குறுக்கே நிற்கும். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ்' என்று தேடி, பைதான் பெயரில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள்.

'உள் கட்டளையும் இல்லை, வெளிக் கட்டளையும் இல்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், ஷெல் தேடும் கோப்புறைப் பட்டியலில், அதாவது பாத்தில், பைதான் இல்லை. முதலில் 'பை' என்று மட்டும், ஆங்கிலத்தில் பி, ஒய் என்ற இரண்டே எழுத்துகளை, அடித்துப் பாருங்கள். பைதான் தளத்திலிருந்து இறக்கி நிறுவியிருந்தால் இந்தத் துணைக் கட்டளையும் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். பாத் சரியில்லாவிட்டாலும் இது ஓடும். ஓடினால் இனி எல்லா இடத்திலும் 'பைதான்' என்பதற்குப் பதில் 'பை' என்றே அடித்துக்கொள்ளலாம். பாத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால், நிறுவியை மறுபடி இயக்கி, பாத்தில் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அடியுங்கள். அதன் பிறகு திறந்திருக்கும் பழைய கருப்புச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய சாளரத்துக்குப் பழைய பட்டியல்தான் தெரியும். இந்த ஒன்றைச் செய்யாமல் 'டிக் அடித்தும் வேலைக்காகவில்லை' என்று சோர்ந்துபோனவர்கள் ஏராளம்.

லினக்ஸில் 'பைதான்3' என்று அடிக்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டால் பல கணினிகளில் அப்படி ஒரு கட்டளையே இருக்காது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்தில் கிடைத்த ஒரு நிரலில் 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது அந்தக் காலத்துச் சரக்கு. அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட வேறு நிரல் தேடுவது மேல்.

மூன்று அம்பு வந்துவிட்டது, எதை அடித்தாலும் சின்டாக்ஸ் எரர்

நீங்கள் இன்டர்பிரட்டருக்குள் நுழைந்துவிட்டீர்கள். அங்கே நின்றுகொண்டு 'பைதான் எடை.பை' என்று அடிக்கிறீர்கள். அது ஷெல்லுக்கான கட்டளை. இன்டர்பிரட்டருக்கு அது இலக்கணமில்லாத வாக்கியம். சின்டாக்ஸ் எரர் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'எக்ஸிட்()' என்று அடைப்புக்குறியோடு அடித்து வெளியே வாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி என்டர், லினக்ஸில் கன்ட்ரோல்-டி. 3.13 பதிப்பிலிருந்து அடைப்புக்குறி இல்லாமல் 'எக்ஸிட்' என்றாலே விட்டுவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள், நீங்கள் கேட்பது என்ன என்று நன்றாகப் புரிந்துகொண்டு, எப்படிக் கேட்க வேண்டும் என்று பாடம் நடத்தும், கதவைத் திறக்காது.

மூன்று அம்புக்குப் பதில் மூன்று புள்ளி (...) வந்து, என்டர் தட்டத் தட்டப் புள்ளியாகவே வந்தால், எங்கோ ஒரு அடைப்புக்குறியோ மூன்றாகச் சேர்த்துப் போடும் மேற்கோள்குறியோ மூடப்படாமல் கிடக்கிறது. தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கன்ட்ரோல்-சி அழுத்தினால் பாதி வாக்கியத்தை மறந்துவிட்டு அம்புக்குறிக்குத் திரும்பிவிடும்.

ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க உள்ளே நுழையவே தேவையில்லை. ஷெல்லில் இருந்தபடி 'பை -சி "பிரிண்ட்(18.4*27)"' என்றால் விடை வந்துவிடும். கிழங்கு லாரியின் எடையையும் மாவுச்சத்துப் பாயின்ட்டையும் பெருக்கிப் பார்க்க இது போதும். விண்டோஸில் வெளியே இரட்டை மேற்கோள், உள்ளே தேவைப்பட்டால் ஒற்றை மேற்கோள். மாற்றிப் போட்டால் கமாண்ட் பிராம்ப்ட் குழம்பும்.

கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது

'கான்ட் ஓப்பன் ஃபைல்' என்று தொடங்கி, முடிவில் 'நோ சச் ஃபைல்' என்று வரும். பேசுவது இன்டர்பிரட்டர். அது எழுந்துவிட்டது, கோப்பைத்தான் காணவில்லை. செய்தியிலேயே எந்தக் கோப்புறையில் தேடியது என்று முழு முகவரி இருக்கும். அந்த முகவரியைப் படித்தாலே பாதி வழக்கு முடிந்தது: கோப்பு டி டிரைவில் இருக்கும், தேடல் சி டிரைவில் நடந்திருக்கும். 'சிடி' கட்டளை தனியாக டிரைவ் மாற்றாது. 'சிடி /டி' என்று அடித்து முகவரியைக் கொடுங்கள். அதைவிடச் சுலபமான வழி: ஃபைல் எக்ஸ்புளோரரில் அந்தக் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று அடித்து என்டர் தட்டினால், அதே இடத்தில் கருப்புச் சாளரம் திறக்கும்.

சரியான கோப்புறையில் இருந்தும் காணவில்லை என்றால் 'டிர்' அடித்துப் பாருங்கள். நோட்பேடில் எழுதிச் சேமித்த கோப்பு 'எடை.பை.டிஎக்ஸ்டி' என்று இருக்கும். விண்டோஸ் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால் எக்ஸ்புளோரரில் அது 'எடை.பை' என்றே தெரியும். வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்கிவிட்டுப் பெயரை மாற்றுங்கள். அதைத் திரும்ப அணைக்காதீர்கள்.

கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் முழுவதையும் இரட்டை மேற்கோளில் அடையுங்கள். வேர்டிலிருந்தோ வாட்ஸாப்பிலிருந்தோ கட்டளையை நகலெடுத்தவர்களுக்கு வேறொரு விபத்து காத்திருக்கிறது. வேர்ட், நீங்கள் அடித்த இரண்டு சிறு கோடுகளை ஒரு நீண்ட கோடாக அழகுபடுத்திவிடும். 'பைதான் --வெர்ஷன்' என்பது 'பைதான் –வெர்ஷன்' ஆகிவிட்டால், இன்டர்பிரட்டர் அதை ஒரு கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று முறையிடும். நிரலுக்குள் இதே விபத்து நடந்தால், வளைந்த மேற்கோள்குறி என்றால் 'இன்வேலிட் கேரக்டர்' என்றும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டு இடைவெளி என்றால் 'நான்-பிரிண்டபிள் கேரக்டர்' என்றும் பிழை வரும். மேற்கோள்குறிகளை ஒவ்வொன்றாக அழித்து, கையால் அடிப்பது ஒன்றே வழி.

இதே குடும்பத்தில் இன்னொன்று. நிரலுக்குள் "சி:\யூசர்ஸ்\..." என்று முகவரி எழுதினால் 'யூனிகோட்எஸ்கேப்' என்று புரியாத ஒரு பெயரோடு சின்டாக்ஸ் எரர் வரும். மேற்கோளுக்குள் சாய்கோட்டுக்குப் பின் பெரிய 'யூ' எழுத்து வந்தால், பைதான் அதை ஒரு யூனிகோட் எண்ணின், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தரப்பட்ட பொது எண்ணின், தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. மேற்கோளுக்கு முன்னால் ஒரு 'ஆர்' எழுத்தைச் சேருங்கள்; சாய்கோடு சாய்கோடாகவே இருக்கும்.

ஒன்றுமே நடக்கவில்லை

நிரலை இயக்கினால் சத்தமில்லாமல் அடுத்த வரி வந்து நிற்கிறது. பிழை இல்லை, விடையும் இல்லை. இன்டர்பிரட்டருக்குள் 18.4*27 என்று அடித்தால் விடையைத் தானே காட்டும். கோப்பிலிருந்து ஓடும்போது 'பிரிண்ட்' என்று கேட்காமல் எதையும் காட்டாது. இல்லையென்றால் ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) எழுதிவிட்டு அதை எங்கும் அழைக்காமல் விட்டிருப்பீர்கள். அல்லது கோப்பைச் சேமிக்கவே இல்லை: எடிட்டரின் தாவலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதுதான்.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் சாளரம் மின்னி மறைவதும் இதன் உடன்பிறப்பு. நிரல் ஓடி முடிந்ததும் சாளரத்துக்கு அங்கே வேலை இல்லை. கருப்புத் திரையிலிருந்து 'பை -ஐ எடை.பை' என்று இயக்குங்கள். ஓடி முடித்ததும், அல்லது பிழையில் விழுந்ததும், மூன்று அம்புக்குறியோடு அங்கேயே நிற்கும். மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பிழை தேடுவதற்கு இதைவிட மலிவான கருவி இல்லை.

நேற்று நிறுவிய மாட்யூல் இன்று இல்லை என்கிறது

'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்'. மாட்யூல் என்பது நம் நிரல் இரவல் வாங்கும் ஆயத்த நிரல். எக்செல் கோப்பைப் படிக்க ஓப்பன்பைஎக்ஸெல் என்ற மாட்யூலை நிறுவினீர்கள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று, மாட்யூல்களை நிறுவித்தரும் கட்டளையான பிப் சாதிக்கிறது. நிரலோ இல்லை என்கிறது. இரண்டும் உண்மை. கணினியில் இரண்டு பைதான்கள் இருக்கின்றன. பிப் ஒன்றுக்குச் சேவகம் செய்கிறது, நீங்கள் இயக்குவது மற்றொன்றை. 'பை -0பி' என்று அடித்தால் கணினியில் உள்ள பைதான்கள் முகவரியோடு வரிசையாக வரும். வழக்கமாக ஓடுவதன் அருகில் நட்சத்திரக் குறி இருக்கும்.

இனிமேல் 'பிப்' என்று தனியாக அடிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்:

பை -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்ஸெல்

எந்தப் பைதானைக் கொண்டு நிரலை இயக்குகிறீர்களோ, அதே பைதானின் வாயால் பிப்பை அழைப்பதால் இடம் மாறாது. லினக்ஸ் வகைகளான உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் கணினியின் சொந்தப் பைதானில் பிப் கைவைக்க முயன்றால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று தடுத்துவிடும். அந்தத் தடையை மீறும் வழியைச் சிலர் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள், கணினியின் சொந்த வேலைகளும் அந்தப் பைதானை நம்பித்தான் ஓடுகின்றன. 'பைதான்3 -எம் வென்வ் சூழல்' என்று தனி அறை ஒன்று உண்டாக்கி அதற்குள் நிறுவுங்கள். விண்டோஸில் இதே அறையைப் பவர்ஷெல்லிலிருந்து திறக்கும்போது, ஸ்கிரிப்ட் இயக்கத் தடை என்று சிவப்பெழுத்து வரலாம். தடுப்பது பவர்ஷெல்லின் கொள்கை. பைதானுக்கு அதில் பங்கில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அங்கிருந்து இயக்கினால் தீர்ந்தது.

மாட்யூல் கிடைக்கிறது, ஆனால் அதற்குள் 'ரீடர்' இல்லை என்று 'ஆட்ரிபியூட்எரர்' வருகிறதா? உங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று பாருங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பை) படிக்கும் நிரலுக்கு 'சிஎஸ்வி.பை' என்றே பெயர் வைப்பது இயல்பான ஆசை. பைதான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில் தேடுவதால், தன்னுடைய சிஎஸ்வி மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இழுத்துவருகிறது. பெயரை மாற்றினால் போதும். 3.13 பதிப்பு இந்தச் சந்தேகத்தைத் தானாகவே செய்தியில் சொல்லிவிடுகிறது.

தமிழ் எழுத்து வந்ததும் நிரல் விழுகிறது

நம் ஊரில் இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகள் இதை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவதும் வழக்கம். செய்தி இப்படி முடியும்: 'சார்மேப்' கோடெக்கால் பைட் 0எக்ஸ்8டி-ஐப் படிக்க முடியவில்லை. நிரல் நேற்றுவரை ஆங்கிலப் பெயர்களோடு நன்றாக ஓடியிருக்கும்.

கோப்பில் இருப்பது எழுத்து அல்ல, பைட்டுகள். யுடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை. அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'சேலம்' என்பது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என 5 குறிகள், 15 பைட். உங்கள் கோப்பு இந்த முறையில்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில், எந்த முறை என்று நீங்கள் சொல்லாவிட்டால், பைதான் 1252 என்ற பழைய ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படிக்கிறது. அதில் ஒரு பைட் ஓர் எழுத்து. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. இந்த ஐந்தில் ஒன்று எதிர்ப்பட்டால் நிரல் அங்கேயே விழும்.

தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி முடிவது 8டி-யில். உகரக் குறி முடிவது 81-இல். ஏ என்ற உயிரெழுத்து 8எஃப்-இல், ஐ 90-இல். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை வாக்கியம் எழுத முடியும்? கோப்பின் முதல் சொல் 'சேலம்' என்றால் செய்தியில் 'பொசிஷன் 14' என்று வரும்: பூஜ்யத்திலிருந்து எண்ணினால் புள்ளியின் கடைசி பைட் அங்கேதான் இருக்கிறது. முதல் சொல் 'ஏற்காடு' என்றால் 'பொசிஷன் 2', 0எக்ஸ்8எஃப். முதல் எழுத்தையே தாண்டவில்லை. 'கோவை' என்று மட்டும் இருந்தால் பிழையே வராது. அதுதான் இன்னும் மோசம்: காலி இடம் எதுவும் குறுக்கிடாததால், அந்தச் சொல் ® குறிகளும் தலைக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளுமாகப் படிக்கப்பட்டு, அந்தக் குப்பையே உங்கள் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

மருந்து ஒன்றுதான். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்="யுடிஎஃப்-8" என்று சொல்லுங்கள். நிரலைத் தொட முடியாத நிலையில், 'பை -எக்ஸ் யுடிஎஃப்8 எடை.பை' என்று இயக்கினால் எல்லாக் கோப்புக்கும் அதுவே இயல்பாகும். இதில் 'எக்ஸ்' மட்டும் பெரிய எழுத்து. 3.7 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு, 3.15 பதிப்பிலிருந்து கேட்காமலே யுடிஎஃப்-8 என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை கேட்டுத்தான் பெற வேண்டும்.

எக்செல் இதற்குள் தன் பங்குக்கு இரண்டு கோளாறுகளைச் சேர்க்கும். ஒன்று: 'சிஎஸ்வி' என்று மட்டும் உள்ள வகையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அப்படிப் போனது திரும்பாது. மூலக் கோப்பு இருந்தால் பிழைத்தீர்கள். எப்போதும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு: அந்த வகையில் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி வந்து ஒட்டிக்கொள்ளும். விளைவு, முதல் பத்தியின் தலைப்பு 'தேதி' என்று திரையில் தெரியும். நிரலோ 'தேதி' என்று ஒரு பத்தி இல்லை என்று 'கீஎரர்' கொடுக்கும். என்கோடிங்கை "யுடிஎஃப்-8-சிக்" என்று மாற்றினால் அந்தக் குறி கழன்றுவிடும். எக்செலில் திறப்பதற்காக நீங்கள் எழுதித்தரும் கோப்புக்கும் இதே பெயரைக் கொடுங்கள். குறி இல்லாவிட்டால் எக்செல் தமிழை அடையாளம் காணாது. எழுதும் கோப்பில் ஒரு வரி விட்டு ஒரு வரி வெறுமையாக வந்தால், திறக்கும் இடத்தில் நியூலைன்="" சேர்க்க வேண்டும்.

திரையில் மட்டும் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறதா? பழைய கருப்புச் சாளரத்துக்குத் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாது. தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது. கோப்பில் எழுதச் சொல்லி நோட்பேடில் பாருங்கள். ஆனால் 'பை எடை.பை > விடை.டிஎக்ஸ்டி' என்று திருப்பிவிட்டால், திரையில் ஓடிய அதே நிரல் 'என்கோட்' பிழையோடு விழலாம். வெளியீடு கோப்புக்குப் போகும்போது மறுபடி 1252 தலைகாட்டுகிறது. அங்கேயும் '-எக்ஸ் யுடிஎஃப்8' காப்பாற்றும்.

அச்சகத்திலிருந்து வந்த பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் இதில் எதுவுமே பலிக்காது. அந்தக் கோப்புக்குள் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே நிரலிடம் கொண்டுவர வேண்டும்.

இரண்டும் ஒரே சொல், ஆனால் சமமில்லை என்கிறது

கொலுசுப் பட்டறைக் கணக்கில் 'கொலுசு' என்ற வகை இரண்டு முறை, இரண்டு தனித்தனி மொத்தத்தோடு வருகிறது. கண்ணுக்கு ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. இன்டர்பிரட்டரைத் திறந்து இரண்டின் நீளத்தையும் 'லென்' கொண்டு கேளுங்கள். ஒன்று 6 என்றும் மற்றது 7 என்றும் வரும்.

ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஒரு விசைப்பலகை முதல் வகையில் எழுதும். எழுத்துரு மாற்றி ஒன்றிலிருந்து வந்த உரை இரண்டாம் வகையில் இருக்கக்கூடும். திரையில் ஒரே உருவம். பைதானுக்கு வெவ்வேறு சரம், அதாவது வெவ்வேறு எழுத்துத் தொடர். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு "என்எஃப்சி" என்று, மூன்றும் பெரிய எழுத்தாக, கொடுத்துச் சொல்லை அனுப்பினால் இரண்டும் ஒன்றாகும். தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். கூடவே 'ஸ்ட்ரிப்' போட்டு ஓரத்து இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள். விசித்திரம் என்னவென்றால், மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் (பைதான் 3 அதை அனுமதிக்கிறது) இந்தச் சமன்படுத்தலை இன்டர்பிரட்டரே செய்துகொள்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சொற்களுக்கு மட்டும் நாம்தான் செய்ய வேண்டும்.

எண்ணை எண் இல்லை என்கிறது

'வேல்யூஎரர்', கூடவே மேற்கோளில் '1,25,000'. காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள். வேறொன்றும் இல்லை. தமிழ் இலக்கங்களில் ௧௨௫ என்று எழுதியிருந்தால் பைதான் அதை 125 என்று சரியாகவே எடுத்துக்கொள்ளும். ௰, ௱, ௲ போன்ற பத்து, நூறு, ஆயிரக் குறிகளை மட்டும் ஏற்காது. பழைய கல்வெட்டுக் கணக்கைப் பதிவு செய்பவர்கள் தவிர மற்றவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம்.

உறைந்து நிற்கிறது, அல்லது எழுத அனுமதியில்லை என்கிறது

அறுவடைக் காலத்தில் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் ரைட்டர் (கணக்கெழுதுபவர்) தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பழ எடை எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தது. நடுவில் அப்படியே நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடட்டுமா?"

"வேண்டாம் ஐயா. சாளரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்."

"செலக்ட் என்று ஆரம்பிக்கிறது."

"எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள்."

தட்டியதும் எடைகள் மறுபடி ஓடத் தொடங்கின. கருப்புச் சாளரத்துக்குள் மவுஸால் கிளிக் செய்தால், எதையோ நகலெடுக்கப் போகிறீர்கள் என்று எண்ணி அது வெளியீட்டை நிறுத்திவைக்கும். அடுத்த வரியை எழுத முடியாமல் நிரலும் காத்து நிற்கும். சாளரத்தின் பிராப்பர்ட்டீஸில் 'குயிக்எடிட்' என்பதை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தலைப்பில் 'செலக்ட்' இல்லாமலே நின்றால், நிரல் உங்களிடம் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல்-சி. அப்போது வரும் டிரேஸ்பேக், நிரல் எந்த வரியில் சுற்றிக்கொண்டிருந்தது என்று காட்டிக்கொடுக்கும். வெளியீட்டை வேறு கோப்புக்குத் திருப்பியிருந்தால் வரிகள் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் வரும். உடனுக்குடன் வேண்டுமென்றால் '-யூ' சேர்த்து இயக்க வேண்டும்.

'பெர்மிஷன்எரர்', எண் 13 என்று வந்தால் நிர்வாகி உரிமை தேடி அலையாதீர்கள். அந்தக் கோப்பை எக்செலில் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்களேதான், சாளரம் சுருங்கிக் கீழே கிடக்கும்.

கையால் இயக்கினால் ஓடுகிறது, தானியங்கியாக ஓடவில்லை

தினமும் மாலை ஆறு மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் நிரலை இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருப்பீர்கள். மறுநாள் பார்த்தால் அறிக்கை இல்லை. ஷெட்யூலர் உங்கள் கோப்புறையில் நின்று நிரலை இயக்குவதில்லை. 'ஸ்டார்ட் இன்' கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் நின்று இயக்குகிறது. நிரலில் 'எடை.சிஎஸ்வி' என்று வெறும் பெயர் கொடுத்திருந்தால் அங்கேதான் தேடும். அந்தக் கட்டத்தில் கோப்புறையின் முகவரியை மேற்கோள்குறி இல்லாமல் எழுதுங்கள். நிரல் கட்டத்தில் 'பைதான்' என்று மட்டும் எழுதாமல் அதன் முழு முகவரியைக் கொடுங்கள். 'வேர் பைதான்' என்று கமாண்ட் பிராம்ப்ட்டில் கேட்டால் வரும். பிழைச் செய்தியைப் பார்க்க அங்கே திரை இல்லை என்பதால், இயக்கும் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் (ஷெல் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில்) எழுதி, வரியின் கடைசியில் '> பதிவு.டிஎக்ஸ்டி 2>&1' என்று சேர்த்துவிடுங்கள். மறுநாள் காலை அந்தக் கோப்பைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள்.